எதிரே வரக் கூடாத வண்டி

காப்பி பாதி டம்ளரில் இருக்கும்போதே புறப்பாட்டு மணி அடித்துவிட்டது. கவின் மீதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். மணி அடித்தால் கிளம்பிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அவருக்கென்று ஒதுக்கிய தெரு வேறொருவருக்குப் போய்விடும். பிறகு அடுத்த ஒதுக்கீடு வரும்வரை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூர் முழுக்க இப்படித்தான். வண்டி தயாராகும்போதே அதற்குள் தடங்காட்டி என்றொரு கருவியை வைத்து முத்திரையிட்டுவிடுகிறார்கள். ஊருக்கு நடுவே இருக்கும் தடநிலையம் எல்லாத் தடங்காட்டிகளோடும் ஓயாமல் பேசி, யார் எப்போது கிளம்புவது, எந்தத் தெரு வழியாகப் போவது என்று முடிவு செய்கிறது. ஒரு தெருவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். தனித்தடம் என்று இதற்குப் பெயர். நெரிசல் ஒழிந்தது, ஹாரன் ஒழிந்தது, விபத்து ஒழிந்தது. அவிநாசி சாலையில் சிக்னலுக்கு சிக்னல் நின்று வெந்துபோயிருந்த ஜனங்கள் இந்தத் திட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். லட்சக்கணக்கான பேர் தினமும் வெளியே போய்வந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதை ஒரு குறையாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

கூடவே ஒரு சட்டமும் வந்தது. ஒருவருடைய தடம் அவருடைய அந்தரங்கம் என்றது தடமறைவுச் சட்டம். அதனால் "எங்கே போறீங்க?" என்று கேட்பது குற்றமாகிவிட்டது. நம் ஆட்கள் காலங்காலமாக வணக்கத்துக்குப் பதிலாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. முதலில் சிரித்தார்கள், பிறகு அபராதம் கட்டினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். வண்டிகளுக்குக் காது உண்டு என்பதால் கேட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது.

கவினுக்கு ஐம்பத்தெட்டு வயது. கவின், மிருதுளா என்ற பெயர்களெல்லாம் வயசாளிகளின் பெயர்களாகிவிட்ட காலம் அது. மனைவி பிரிந்து போய்ப் பல வருடமாகிறது. பெரிய சண்டை ஒன்றுமில்லை. இருவருடைய புறப்பாட்டு மணிகளும் வெவ்வேறு நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதே இருவருக்கும் மறந்துபோனது. அதற்குப் பிறகு கவின் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், தூங்குவார். சில வாரங்களில் தன் குரலைத் தானே கேட்பதுகூட அரிதாக இருந்தது.

அன்றைக்கு வண்டி சிங்காநல்லூர் பக்கம் ஒரு பழைய பஞ்சாலையின் சந்துக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் உயரமான மதில். நடுவில் ஒரு வண்டி போகத்தான் இடம். பாதிச் சந்தில் வண்டி சட்டென்று நின்றது. கவின் நிமிர்ந்து பார்த்தார். எதிரே இன்னொரு வண்டி நின்றது.

எதிரே ஒரு வண்டியைப் பார்த்து எத்தனை வருடமாகியிருக்கும் என்று அவரால் யோசிக்கவே முடியவில்லை. வெளிர் பச்சை நிறத்தில் சின்ன வண்டி. அதன் கதவைத் திறந்துகொண்டு, நரைத்த முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்த ஒரு அம்மாள் இறங்கினார்.

"ஏனுங்க, இது என்ற தடமுங்க. வண்டியப் பின்னாடி எடுங்க."

"உங்க தடமா? எனக்கு ஒதுக்குன சந்துங்க இது. நீங்க எடுங்க."

"நான் எதுக்குங்க எடுக்கோணும்?"

"நான் மட்டும் எதுக்குங்க எடுக்கோணும்?"

வண்டியில் 'பின்வாங்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. எதிரெதிரே சிக்கிக்கொண்டால் யாராவது ஒருவர் அதை அழுத்த வேண்டும். ஆனால் அழுத்தியவர், தப்பான தடத்தில் வந்தது தன் வண்டிதான் என்று ஒப்புக்கொண்டதாகப் பதிவாகும். பிறகு தடங்காட்டியில் எந்தப் பழுது வந்தாலும் 'உரிமையாளரின் தவறு' என்று வண்டிக் கம்பெனி கையை விரித்துவிடும். இது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. கவினுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. முப்பது வருடமாக அவர் பார்க்கிற வேலையே அதுதான்.

அவர் ஒரு பம்பு கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தார். உத்தரவாதக் காலத்துக்குள் மோட்டார் கெட்டுப்போனதென்று எழுதுகிறவர்களுக்கு, அது ஏன் உத்தரவாதத்துக்குள் வராது என்று மரியாதையாகப் பதில் எழுதுவது அவர் வேலை. மரியாதை முக்கியம். இப்போது எழுதுவதைக் கருவியே எழுதிவிடும். கவின் வாசித்துப் பார்த்து ஒப்புதல் தருவார். ஒரு புகாரில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

இருவரும் மதில் நிழலில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். கால் மணி நேரம் கழித்துத் தடநிலையம் தானே விழித்துக்கொண்டு, பச்சை வண்டியைப் பஞ்சாலையின் பழைய கேட்டுக்குள் ஒதுங்கச் சொல்லி, கவினின் வண்டியை விடுவித்தது. ஜெயித்துவிட்ட திருப்தியோடு கவின் ஆபீஸ் போய்ச் சேர்ந்தார். போனதும் முதல் வேலையாக வண்டிக் கம்பெனிக்குப் புகார் எழுத உட்கார்ந்தார்.

இத்தனை வருடம் அடுத்தவர் புகாரில் ஓட்டை தேடியவர், ஓட்டையே இல்லாத ஒரு புகார் எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்ட முடிவு செய்தார். வெறுமனே 'சரிசெய்து தரவும்' என்று எழுதினால், சரிசெய்தாயிற்று என்று ஒரு வார்த்தையில் கம்பெனி முடித்துவிடும். அதனால் என்ன வேண்டும் என்பதைத் திட்டவட்டமாக எழுதினார்: 'அந்தப் பச்சை வண்டி இனி ஒருபோதும் என் வண்டியின் எதிரே வரக் கூடாது. வண்டியின் ஆயுள் உள்ளவரை இதற்குக் கம்பெனியே பொறுப்பு.' பிறகு இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. புகார் கொடுத்தவரிடம் தேனாகப் பேசி, அவரையே புகாரைத் திரும்பப் பெற வைப்பது எல்லாக் கம்பெனிகளும் செய்கிற வேலை. கவினே எத்தனையோ பேரை அப்படிக் கரைத்திருக்கிறார். ஆகவே கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: 'பின்னாளில் நானே இதைத் திரும்பப் பெற விரும்பினாலும் அதை ஏற்கக் கூடாது.' எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். இப்படியொரு புகார் தன் மேசைக்கு வந்திருந்தால் தானே தோற்றிருப்போம் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாளும் அதே சந்து, அதே பச்சை வண்டி.

"மறுபடியுமா!" என்றார் அந்த அம்மாள். "நான் நேத்தே புகார் கொடுத்தாச்சுங்க."

"என்னன்னு எழுதுனீங்க?"

அவர் கைக்கருவியைக் காட்டினார். 'வண்டி சரியாக வழி காட்டவில்லை. தயவுசெய்து பார்க்கவும்' என்று இருந்தது. கவின் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இதுக்கெல்லாம் ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்காதுங்க. கொடுங்க இப்படி. நான் எழுதித் தரேன்."

"ஏனுங்க, என்ற புகாரே உங்க வண்டி மேலதானுங்க."

"அதனாலென்னங்க? புகார்னா புகார் மாதிரி இருக்கோணுமில்ல?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கவின் அவர் கருவியை வாங்கி, தன் புகாரின் வரிகளை அப்படியே எழுதிக் கொடுத்தார். எதிரே வரக் கூடாது என்பது, வண்டியின் ஆயுள் உள்ளவரை என்பது, திரும்பப் பெற்றாலும் ஏற்கக் கூடாது என்பது, எல்லாவற்றையும். நிறத்தை மட்டும் மாற்றினார். கவினுடையது சாம்பல் நிற வண்டி.

"இன்னொண்ணுங்க," என்றார் கவின், வாத்தியார் போல விரலைத் தூக்கிக்கொண்டு. "தடங்காட்டி மேல ஒரு சீல் ஒட்டியிருக்குமுங்க. என்ன ஆனாலும் அதை மட்டும் தொட்டுடாதீங்க. சீல் உடைஞ்சா வாரண்டி போச்சு. பொறவு ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தொட மாட்டேனுங்க," என்றார் அவர். சொன்ன விதத்தில், சொன்னால் சொன்னபடி நடக்கிறவர் என்று தெரிந்தது.

அவர் பெயர் மிருதுளா. காது மந்தமானவர்களைச் சோதிக்கும் ஒரு மையத்தில் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் வந்தவரை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும். கேட்டால் அவர்கள் கையைத் தூக்குவார்கள். அவ்வளவுதான் நாள் முழுக்க நடக்கும் பேச்சு. கூட இருந்த அக்கா போன வருடம் இறந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச ஆளில்லை என்று மிருதுளா சாதாரணமாகச் சொன்னார்.

எந்த மையம் என்று கவின் கேட்கவில்லை. எந்தக் கம்பெனி என்று அவரும் கேட்கவில்லை. கேட்டால் போகிற இடம் தெரிந்துவிடும். அது சட்டப்படி தப்பு, வழக்கப்படி அநாகரிகம். மற்றதையெல்லாம் பேசினார்கள். தினமும் தடநிலையம் விழித்துக்கொள்ளும்வரை கால் மணி நேரம் கிடைத்தது. முதல் வாரம் யார் பின்வாங்குவது என்று சண்டை போட்டார்கள். இரண்டாவது வாரம் சண்டை போடுவதாகப் பாவனை செய்தார்கள். பிறகு மிருதுளா ஒரு டப்பாவில் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவர ஆரம்பித்தார். மதிலோரம் ஒரு உடைந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள்.

கவின் பேசுவார். உடுமலையில் ஒருவர் கிணற்றுக்குள் பம்பைத் தவறவிட்டுவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று புகார் எழுதியதைச் சொல்லுவார். மிருதுளா கேட்டுக்கொண்டிருப்பார். சும்மா கேட்கிறவர் இல்லை. நாலு நாள் முன்னால் சொன்னதைக்கூட நினைவு வைத்து, "அந்த உடுமலைக்காரர் பம்ப வெளிய எடுத்துட்டாருங்களா?" என்று கேட்பார். கவின் சொன்ன ஒரு வார்த்தையை இன்னொருவர் மனதில் வைத்திருந்து திருப்பிக் கேட்டது அவர் வாழ்க்கையில் எப்போது நடந்ததென்று அவருக்கே தெரியாது. காலையில் புறப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே அவர் வண்டியில் போய் உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினார்.

ஒரு நாள் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது புகார் நினைவுக்கு வந்தது. உடனே வண்டிக் கம்பெனியைக் கூப்பிட்டார். சேவை அதிகாரி அனன்யா திரையில் வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்; குரலில் நிறைய மரியாதை.

"என் புகாரைத் திரும்ப வாங்கிக்கறேங்க. ஒண்ணும் அவசரமில்ல, வண்டி நல்லாத்தான் இருக்கு."

"சார், உங்க புகாரை நாங்க எல்லாருமே படிச்சோம். பயிற்சிக்கு வர்றவங்களுக்கே அதைத்தான் காட்டறோம்," என்றார் அனன்யா. "நீங்களே திரும்பக் கேட்டாலும் ஏத்துக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க."

"எழுதுனதும் நான்தானுங்களே."

"அதனாலதான் சார் நாங்க மீற முடியாது. என்ன பழுதுன்னும் கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு வண்டியோட தடங்காட்டிக்கும் தொழிற்சாலையில ஒரே அடையாள எண்ணைப் பதிச்சுட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பேருன்னே தடநிலையத்துக்குத் தெரியாது. ஒரே வண்டி போயிட்டுத் திரும்பி வருதுன்னு நினைச்சு ஒரே தெருவைக் கொடுத்துட்டிருக்கு. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் சார்."

கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லலாமா என்று கவினுக்குத் தோன்றியது.

"எப்பச் சரி பண்ணுவீங்க?"

"வரிசைப்படி வரும் சார்."

வரிசைப்படி என்றால் ஆறு மாதமாகும் என்று கவின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் கம்பெனியில் அப்படித்தான். அதற்குள் மிருதுளாவின் தொலைபேசி எண்ணைக் கேட்டுவிடலாம். இந்த வயதில் ஒரு பெண்மணியிடம் எண் கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தப்பாக நினைத்துவிட்டால்? நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை. டப்பாவை மூடிக்கொண்டே மிருதுளா திடீரென்று கேட்டார்:

"எங்கங்க போறீங்க?"

கவினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்திருந்த கதவு வழியாக மிருதுளாவின் வண்டி உடனே குரல் கொடுத்தது: "தடமறைவுச் சட்டப்படி இந்தக் கேள்வி குற்றம். அபராதம் விதிக்கப்பட்டது."

"போட்டாப் போடட்டும்," என்றார் மிருதுளா. முகம் சிவந்திருந்தது. "தினமும் பாக்கறோம். எங்க போறீங்க, எங்கிருந்து வர்றீங்கன்னு ஒண்ணும் தெரியாமப் பேசிட்டிருக்கறது எனக்கு என்னவோ மாதிரி இருக்குங்க. கேட்டுப் போடலாம்னு தோணுச்சு."

கவினுக்கு வாய் வரைக்கும் வந்தது. கம்பெனி பெயர், தெருப் பெயர், வீட்டு எண், எல்லாமே வந்தது. அந்த நேரம் பார்த்துத் தடநிலையம் விழித்துக்கொண்டு இரண்டு பேரையும் வண்டியில் ஏறச் சொல்லிக் கத்தியது. சொன்னால் தனக்கும் அபராதம் என்ற பயமா, அத்தனை சந்தோஷத்தில் நாக்கு புரளவில்லையா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை.

"நாளைக்குச் சொல்றேனுங்க," என்றார்.

மறுநாள் சந்து காலியாக இருந்தது. வண்டி நிற்காமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது. சிமெண்ட் மேடை ஜன்னலுக்கு வெளியே ஒரு கணம் தெரிந்து மறைந்தது. "மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்," என்றது வண்டி. "தடங்காட்டிப் பழுது உத்தரவாதத்தின்படி சரிசெய்யப்பட்டது. அந்தப் பச்சை வண்டி இனி உங்கள் எதிரே வராது."

கவின் சும்மா இருந்துவிடவில்லை. ஊரிலிருந்த காது மையங்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். பணியாளர் விவரம் தருவதற்கில்லை என்று எல்லாக் கருவிகளும் ஒரே குரலில் சொல்லின. லீவு போட்டுவிட்டு நாலைந்து மையங்களுக்கு நேரிலேயே போனார்; அங்கேயும் அதே பதில்தான். அவர் வண்டி எந்தப் பக்கம் கிளம்புகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்து மிருதுளாவை முன்கூட்டியே மணியடித்துக் கிளப்பிவிடத் தடநிலையத்துக்குத் தெரியும் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. சந்துக்கு நடந்து போய் மதிலில் கரித்துண்டால் தன் பெயரையும் எண்ணையும் எழுதிவைத்தார். மிருதுளாவின் வண்டிக்கு இப்போது அந்தச் சந்து ஒதுக்கப்படுவதே இல்லை. கையில் அப்பிய கரியைத் துடைத்துக்கொண்டு அவர் அந்த மேடையில் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது, பார்ப்பதற்கு யாரும் இல்லாததால் அடக்கிக்கொள்ளவில்லை.

வழி கிடைத்தது அவருடைய சொந்த மேசையிலிருந்துதான். தாராபுரத்து விவசாயி ஒருவர் எழுதியிருந்தார்: 'என்னதான் ஆச்சோன்னு மோட்டாரைத் திறந்து பாத்தனுங்க.' கருவி வழக்கமான பதிலைத் தயாராக வைத்திருந்தது: 'முத்திரை உடைக்கப்பட்டதால் இந்த நிமிடம் முதல் எங்கள் உத்தரவாதம் எதுவும் செல்லாது.' ஒப்புதல் தரப்போன விரல் அப்படியே நின்றது. எங்கள் உத்தரவாதம் எதுவும் செல்லாது. அந்த வாக்கியத்தை எழுதியவரே அவர்தான், இருபது வருடத்துக்கு முன்னால். தாராபுரத்துக்காரருக்குப் புது மோட்டார் அனுப்பச் சொல்லிவிட்டு, கவின் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

முத்திரை ஒரு வெள்ளித்தாள். கிழிப்பதற்கு ஒரு விநாடி போதும். "எச்சரிக்கை," என்றது வண்டி. "முத்திரை உடைந்தது. உங்கள் உத்தரவாதம் ரத்து. உங்களுக்கு அளித்த எல்லா உறுதிமொழிகளும் ரத்து."

"ரொம்ப நன்றிங்க," என்றார் கவின்.

உத்தரவாதம் இல்லாத வண்டியைத் தடநிலையம் முன்கூட்டித் திட்டமிட்டு நடத்துவதில்லை. தெருவில் இடம் இருந்தால் போகலாம், இல்லையென்றால் நிற்க வேண்டும். மணி கிடையாது. கவினுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. மறுநாள் காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே கிளம்பினார். ராமநாதபுரம் தாண்டி ஒரு வளைவை நெருங்கும்போது வண்டி தயங்கி நின்றது. எதிரே யாரோ வருகிறார்கள்! கவின் கதவின் பிடியில் கை வைத்தார்.

வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. அவர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. கதவும் திறக்கவில்லை.

"நிறுத்து! நான் அழுத்தவே இல்லையே!"

"உத்தரவாதம் உள்ள வண்டிகளிடம் மட்டுமே அனுமதி கேட்கப்படும்," என்றது வண்டி. "எதிரே உத்தரவாதம் உள்ள வண்டி வருகிறது. உங்கள் வண்டி அதன் எதிரே வரக் கூடாது."

"யார் சொன்னது?"

"அந்த வண்டியின் உரிமையாளர் கொடுத்த புகார். வாசிக்கிறேன்: 'அந்தச் சாம்பல் நிற வண்டி இனி ஒருபோதும் என் வண்டியின் எதிரே வரக் கூடாது. வண்டியின் ஆயுள் உள்ளவரை இதற்குக் கம்பெனியே பொறுப்பு. பின்னாளில் நானே இதைத் திரும்பப் பெற விரும்பினாலும் அதை ஏற்கக் கூடாது.'"

நல்ல தமிழ். ஒரு ஓட்டை கிடையாது. கவின் இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வளைவும் மரங்களும் அவரை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தன. வண்டி நின்று கதவு திறந்ததும் இறங்கி வளைவு வரை ஓடினார். அங்கே தெரு காலியாக இருந்தது.

மிருதுளாவும் புகாரைத் திரும்பப் பெற முயன்றிருப்பாரோ என்னவோ. முயன்றிருந்தால் அனன்யா அதே மரியாதையோடு அந்தக் கடைசி வரியை வாசித்துக் காட்டியிருப்பார். இனி ஒரே வழிதான். மிருதுளா தன் வண்டியின் முத்திரையைத் தானே உடைக்க வேண்டும். ஆனால் என்ன ஆனாலும் அதைத் தொடக் கூடாது என்று அவரிடம் ஒருவர் விரலைத் தூக்கிச் சொல்லியிருக்கிறார். தொட மாட்டேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார். கவின் சொன்ன எதையும் மிருதுளா மறந்ததில்லை. உலகத்தில் தன் பேச்சைக் கேட்ட ஒரே மனுஷி, ஒரே ஒரு தடவை கேட்காமல் போனால் போதும் என்று கவின் வேண்டிக்கொண்டார்.

இப்போதும் அவர் தினமும் கிளம்புகிறார். வண்டி முன்னால் போகிற நேரமெல்லாம் அவருக்கு வெறுமையாக இருக்கிறது. சில நாள் ஏதோ ஒரு திருப்பத்தில் அது தயங்கும். பிறகு பின்னால் நகரும்; மற்ற வண்டிகளுக்காக என்றால் அது நிற்பதோடு சரி. அப்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தலையை வாரிக்கொள்வார். பக்கத்தில் எங்கேயோ, அடுத்த திருப்பத்துக்கு அந்தப் பக்கம், மிருதுளா போய்க்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

"பம்பு கம்பெனிக்குத்தானுங்க போயிட்டிருக்கேன்," என்பார் கவின், விலகிப் போகும் தெருவைப் பார்த்து. "நீங்க எங்கங்க போறீங்க?"

"தடமறைவுச் சட்டப்படி இந்தக் கேள்வி குற்றம்," என்று வண்டி ஆரம்பிக்கும். பிறகு ஒரு கணம் சுற்றுமுற்றும் சோதித்துவிட்டுச் சொல்லும்: "கேட்பதற்கு யாரும் இல்லாததால் அபராதம் விதிக்கப்படவில்லை."